மலச்சிக்கலுக்கு வீட்டு வைத்தியம்: பேதிப் பொடிக்குப் போறதுக்கு முன்னாடி தட்டையும் நேரத்தையும் மாத்திப் பாருங்க

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த முதல் வாரம், கால் வலிய விட அவர ரொம்பப் படுத்தினது மலச்சிக்கல்தான். நாலு நாளா வெளிய போகல, வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல, அஞ்சாவது நாள் சோத்த அப்படியே தள்ளி வச்சிட்டு வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வலிக்குக் குடுத்த மாத்திரையே குடல மந்தமாக்கும், கூடவே மலம் இளக ஒரு சிரப்பும் எடுத்துக்கணும்னு வீட்டுக்கு அனுப்புறப்ப யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் அவ்வளவு வேதனப்பட்டிருக்க வேண்டாம். ஆனா அத விடப் பெரிய விஷயம் அப்புறம்தான் வெளிய வந்துச்சு. ரிட்டையர் ஆனதுலருந்து பத்து வருஷமா தெனமும் ராத்திரி நிலவாகைங்கிற பேதி இலைப் பொடிய சுடுதண்ணில கலக்கிக் குடிச்சாத்தான் காலைல போகும்ங்கிற நெலமைல இருந்திருக்காரு. சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாத்தி அந்தப் பொடிய நிறுத்த எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அதுல எது கைகொடுத்துச்சு, எத எந்த வரிசைல செய்யணும், எது ஆபத்துன்னு இங்க எழுதுறேன்.

மொதல்ல, தெனமும் போகலன்னா அது மலச்சிக்கல்னு அர்த்தம் இல்ல. ஒரு நாளைக்கு மூணு தடவ போறவங்களும் இருக்காங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போறவங்களும் இருக்காங்க, ஈஸியா போச்சு, போனதுக்கு அப்புறம் வயிறு லேசா இருக்குன்னா ரெண்டுமே நார்மல்தான். வாரத்துக்கு மூணு தடவைக்கும் கொறைவா போறது, முக்கி முக்கிப் போறது, ஆட்டுப் புழுக்க மாதிரி கட்டி கட்டியா வர்றது, போயிட்டு வந்தும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறது, இதுதான் சிக்கல். பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, 1997ல இங்கிலாந்து டாக்டருங்க வெளியிட்டது, மலத்தோட வடிவத்த 7 வகையா பிரிச்சிருப்பாங்க. தனித்தனி உருண்டையா வந்தா 1, உருண்டையெல்லாம் ஒட்டி மேடுபள்ளமா வந்தா 2, இந்த ரெண்டும் சிக்கல். வழவழன்னு வாழப்பழம் மாதிரி வர்ற 4தான் நல்லது. டாக்டர்கிட்ட போறப்ப "சரியா போகல சார்"னு பொதுவா சொல்றத விட உருண்டையா வருதா, மெலிசா வருதா, எத்தன நாளா இருக்குன்னு சொன்னீங்கன்னா அவங்களுக்கும் வேலை சுலபம்.

வீட்டு வைத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடுறேன், ஏன்னா கடைசில எழுதினா படிக்காம போயிடுவீங்க. மலத்துல ரத்தம், கறுப்பா தார் மாதிரி போறது, காரணமே இல்லாம எடை கொறையறது, 50 வயசுக்கு மேல திடீர்னு பழக்கம் மாறிப்போறது, வீட்ல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருக்கிறது, இதுல எது இருந்தாலும் கஷாயம் வச்சுக் குடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரப் பாருங்க. ரத்தம் வந்தாலே "மூலம்தான், சூடு"ன்னு தள்ளிப்போடுற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப. மூலமாவும் இருக்கலாம், ஆனா அத டாக்டர் பாத்துச் சொல்லட்டும். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயு கூடப் பிரியலன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், அந்த நேரத்துல பேதி மருந்து எதுவும் குடுக்கவே கூடாது. இன்னொண்ணு, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில பிரஷர் மாத்திரை, கோடின் இருக்கிற இருமல் சிரப், ட்ராமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாமே கட்டும். தைராய்டு கம்மியா இருந்தாலும், சுகர் ரொம்ப வருஷமா இருந்தாலும் கட்டும். புதுசா ஒரு மாத்திரை ஆரம்பிச்சதுலருந்துதான் சிக்கல்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

சரி, ஏன் கட்டுதுன்னு ரெண்டு வரில சொல்றேன், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். பெருங்குடலோட முக்கியமான வேலையே தண்ணிய உறிஞ்சறதுதான். மலம் அங்க எவ்வளவு நேரம் தங்குதோ அவ்வளவு காய்ஞ்சுபோகும், காய்ஞ்சா வெளிய வர கஷ்டம், கஷ்டமா இருந்தா நாம அடக்குவோம், அடக்குனா இன்னும் காயும். அதனால நாம செய்ய வேண்டியது, உள்ள தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிற மாதிரி ஏதாவது போடணும், அத நகத்தணும், அது கிளம்புற நேரத்துல அடக்காம போகணும்.

தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிறதுதான் நார்ச்சத்து. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேணும்னு சொல்லுது. இப்ப அப்பாவோட தட்ட எடுத்துக்குவோம்: காலைல நாலு இட்லி தேங்கா சட்னி, மதியம் வெள்ள சோறு, சாம்பார், அப்பளம், உருளைக்கிழங்கு பொரியல், சாயங்காலம் டீயும் ரெண்டு பிஸ்கட்டும், ராத்திரி தோசை. பாத்தா வயிறு நெறஞ்ச சாப்பாடு மாதிரிதான் இருக்கு, ஆனா கூட்டிப் பாத்தா அந்த 30 கிராம் தேறாது. பட்டை தீட்டுன வெள்ளை அரிசி 100 கிராம்ல சுமார் 3 கிராம்தான் நார்ச்சத்து, அதே 100 கிராம் கேழ்வரகுலயும் கம்புலயும் சுமார் 11 கிராம், முழு கொண்டைக்கடலைல சுமார் 25 கிராம். எல்லாமே சமைக்காத எடைக்கு. இதுலருந்தே தெரியும், சோத்த ஒரேயடியா நிறுத்த வேண்டியதில்ல, ஒரு வேளைய மாத்திட்டு ஒரு கைப்பிடி சுண்டலச் சேத்தாலே கணக்கு எங்கயோ போயிடும்.

நாங்க மாத்துனது இவ்வளவுதான். காலைல வாரத்துக்கு நாலு நாள் கம்பங்கூழ் இல்லன்னா கேழ்வரகுக் கூழ், மோர் ஊத்தி சின்ன வெங்காயத்தோட, மத்த நாள் வழக்கம்போல இட்லி தோசை, ஆனா தேங்கா சட்னிக்குப் பதிலா நெறைய காய் போட்ட சாம்பார். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டல், கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ பச்சைப்பயறோ வீட்ல எது இருக்கோ அது. மதியம் சோறு ஒரு கரண்டி கொறைச்சு அந்த இடத்துல காய். கீரை கண்டிப்பா, முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலைக்கீரை, வெந்தயக்கீரைன்னு மாத்தி மாத்தி. அவரைக்காய், கொத்தவரங்காய், பீன்ஸ், வாழத்தண்டு, வாழப்பூ, முருங்கைக்காய் எல்லாம் நல்ல நாரு உள்ள காய். வெண்டைக்காயோட அந்த வழவழப்பும் ஒரு வகை நார்ச்சத்துதான், தண்ணில கரையிற வகை, மலத்த வழுக்கிட்டு வர வைக்கும். உருளைக்கிழங்கு பொரியல காய்க்கணக்குல சேக்காதீங்க, அது சோறு பக்கம்.

இதெல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிச்சா வயிறு உப்பிக்கிட்டு வாயு பிரிஞ்சுகிட்டே இருக்கும், உடனே "எனக்கு இது ஒத்துக்கல"ன்னு விட்டுடுவீங்க. பெருங்குடல்ல இருக்கிற கிருமிங்க புது நாருக்குப் பழக ஒரு ரெண்டு வாரம் எடுத்துக்கும். அதனால மொத வாரம் காயும் கீரையும் மட்டும், ரெண்டாவது வாரம் பழம், அதுக்கு அப்புறம் சுண்டல், கூழ்னு ஏத்துங்க. கடலைய எட்டு மணி நேரம் ஊற வச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணில வேக வச்சா வாயு கொறையும்.

பழத்துல என் ஓட்டு கொய்யாவுக்குத்தான். நடுத்தரமா ஒரு கொய்யாவ தோலோட சாப்பிட்டா 5 கிராமுக்கு நார்ச்சத்து கிடைக்கும், விலையும் கம்மி, நம்ம ஊர்லயே கெடைக்கும். கொய்யாக் கொட்ட கட்டும்னு பயப்படுறவங்க நெறைய பேரு, நல்லா மென்னு தண்ணியும் குடிச்சா ஒண்ணும் ஆகாது, பல்லு இல்லாத பெரியவங்களுக்கு மட்டும் பப்பாளி குடுங்க. வாழப்பழத்தப் பத்தி ஆளுக்கொண்ணு சொல்வாங்க, விஷயம் பழுத்த அளவுலதான் இருக்கு, காய்வெட்டா இருக்கிற பழத்துல செரிக்காத மாவு அதிகம், சிலருக்கு அது இன்னும் கட்டும், தோல்ல புள்ளி விழுந்து நல்லா கனிஞ்ச பழம்தான் சாப்பிடணும். எங்க வீட்ல ராத்திரி பூவன் பழம் சாப்பிடுறது தாத்தா காலத்துப் பழக்கம். உலர்ந்த கறுப்பு திராட்சை ஒரு பத்து பதினஞ்சு, அத்திப்பழம் ரெண்டு, ராத்திரி கழுவி ஊற வச்சு காலைல பழத்தையும் மென்னு அந்தத் தண்ணியையும் குடிங்க. கிவி பழம் தெனமும் ரெண்டு சாப்பிட்டா மலச்சிக்கல் கொறையுதுன்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, ஆனா விலை இருக்கு, அதத் தேடி அலைய வேண்டாம். ஜூஸா பிழிஞ்சு வடிகட்டிக் குடிச்சீங்கன்னா நாரு போயிடும், அதனால பழமாவே கடிச்சுச் சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்க கொய்யாவும் பப்பாளியும் அளவா எடுத்துக்கலாம், உலர் பழம் ஜாக்கிரதை. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க இந்தப் பழம், கீரை, சுண்டல் எதையும் அவங்க டாக்டர்கிட்ட கேக்காம கூட்டாதீங்க, பொட்டாசியம் ஏறிடும்.

தண்ணி. நாரு சேத்துட்டு தண்ணி குடிக்கலன்னா சிக்கல் இன்னும் ஜாஸ்தியாகும், இத எத்தன தடவ சொன்னாலும் தகும். ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர்னு வச்சுக்கோங்க, வெயில் காலத்துலயும் வெளிய வேலை செய்றவங்களுக்கும் இன்னும் கூட. மோர், ரசம், கூழு, நீராகாரம் எல்லாமே இந்தக் கணக்குல வரும். ஆனா நார்ச்சத்து இல்லாம வெறும் தண்ணிய மட்டும் குடம் குடமா குடிச்சா அது யூரினாத்தான் போகும். இருதயம், கிட்னிக்காக தண்ணி அளவு சொல்லியிருக்கிறவங்க அந்த அளவத் தாண்ட வேண்டாம். வேலைக்குப் போற பெண்கள், பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க பாத்ரூம் சரியா இல்லன்னு தண்ணியே குடிக்காம, வர்றதையும் அடக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு எந்தக் கஷாயம் குடுத்தும் பிரயோஜனம் இல்ல, அங்க ஒரு சுத்தமான கழிப்பறைதான் மருந்து, அதக் கேட்டு வாங்க வேண்டியது நம்ம பெரியவங்க பொறுப்பு.

இப்ப நேரம். என்னோட அனுபவத்துல மத்த எல்லாத்தையும் விட இதுதான் அப்பாவுக்கு வேலை செஞ்சுது. வயித்துக்குள்ள சாப்பாடு போனதும் பெருங்குடல் தானா சுருங்கி பழசக் கீழ தள்ளும், இது எல்லாருக்கும் உடம்புலயே இருக்கிற ஏற்பாடு, காலைலதான் அது ரொம்ப பலமா இருக்கும். காபி குடிச்சதும் சிலருக்கு வர்றதுக்கும் இதுதான் காரணம், காபி குடல கொஞ்சம் தூண்டவும் செய்யும். அதனால காலைல எந்திரிச்சதும் வெதுவெதுன்னு ரெண்டு டம்ளர் தண்ணி, அப்புறம் வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் நடை, அப்புறம் டிபன், டிபன் முடிஞ்சு பதினஞ்சு இருபது நிமிஷத்துல, வந்தாலும் வராட்டியும், போயி உக்காருங்க. பத்து நிமிஷம் போதும், வரலன்னா எந்திரிச்சிடுங்க, முக்காதீங்க, முக்கினா மூலம்தான் வரும். செல்போனக் கொண்டு போகாதீங்க. தெனமும் ஒரே நேரம். மொத ஒரு வாரம் அப்பா சும்மாதான் உக்காந்துட்டு வந்தாரு, பத்தாவது நாளுக்கு மேல அந்த நேரத்துக்குத் தானா வர ஆரம்பிச்சுது.

உக்கார்ற விதமும் முக்கியம். மலக்குடல ஒரு வார் போட்டு முன்னாடி இழுத்துப் பிடிச்ச மாதிரி ஒரு தசை இருக்கு, அதனாலதான் நடக்கிறப்ப நிக்கிறப்ப எதுவும் வெளிய வராம இருக்கு. குத்துக்கால் போட்டு உக்கார்றப்ப அந்த வார் தளர்ந்து வழி நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட்ல அது பாதிதான் தளரும். அதுக்காக முட்டி வலி இருக்கிறவங்கள இந்தியன் டாய்லெட்ல உக்கார வைக்க முடியாது, காலுக்குக் கீழ ஒரு முக்காலியோ கவுத்துப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டோ ஆடாத மாதிரி வச்சு, முட்டி இடுப்ப விட கொஞ்சம் ஒசரமா இருக்கிற மாதிரி பண்ணி, லேசா முன்னாடி குனிஞ்சு உக்காந்தா போதும். முட்டி ஆபரேஷன் பண்ணவங்க எவ்வளவு மடக்கலாம்னு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க, எங்களுக்கு அரை அடி ஒசரப் பலகைக்கே நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது.

இவ்வளவு செஞ்சும் ரெண்டு வாரத்துல சரியா வரலன்னா இசப்கோல் சேக்கலாம். இது ஒரு செடியோட விதை உமி, குஜராத்லயும் ராஜஸ்தான்லயும் வெளையுது, மெடிக்கல்லயும் மளிகைக் கடைலயும் கெடைக்கும். குடல அடிச்சு விரட்டுற மருந்து இல்ல இது, தண்ணிய இழுத்து கூழா ஆகி மலத்துக்கு மொத்தமும் மென்மையும் குடுக்கும், அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு ரெண்டு வரைக்கும் போகலாம், ஒரு பெரிய டம்ளர் தண்ணில கலக்கி கெட்டியாகறதுக்குள்ள குடிச்சிட்டு மேல இன்னொரு டம்ளர் தண்ணி குடிக்கணும். வெறுமனே வாயில போட்டுக்கிட்டா தொண்டைலயே ஊதி அடச்சிக்கும், விழுங்க கஷ்டப்படுற வயசானவங்களுக்குக் குடுக்கவே கூடாது. குடிச்சிட்டு உடனே படுக்கவும் கூடாது. ராத்திரி குடிச்சா காலைலயே போயிடும்னு எதிர்பாக்காதீங்க, ஒரு நாள்லருந்து மூணு நாள் ஆகலாம். மத்த மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. ஒரு டீஸ்பூன் வெந்தயத்த ராத்திரி ஊற வச்சு காலைல மென்னு சாப்பிடுறதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், வழவழப்பு வேலை செய்யும், ஆனா சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க சுகர் எறங்குதான்னு பாத்துக்கணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, வலி மாத்திரையால வந்த சிக்கலுக்கு உமி சரிவராது, உள்ள நகராம கெடக்கிற குடல்ல இன்னும் மொத்தமாத்தான் சேரும், எங்கப்பாவுக்கு அந்த வாரம் டாக்டர் எழுதிக் குடுத்த லாக்டுலோஸ் சிரப்தான் கைகொடுத்துச்சு.

அடுத்தது நாட்டு மருந்து. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூணும் சேந்த திரிபலாவ ராத்திரி அரை டீஸ்பூன் சுடுதண்ணில குடிக்கிறவங்க நெறைய பேரு, லேசா இளக்கும், அளவுக்கு மீறினா வயித்தால போகும். நிலவாகை வேற மாதிரி. எங்க திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் காட்டுல வெளையிற செடி, உலகம் முழுக்க டின்னவேலி சென்னான்னு எங்க ஊரு பேர்லயே விக்குது, ஆஸ்பத்திரில குடுக்கிற சென்னா மாத்திரையும் இந்த இலை சத்துதான். அந்தச் செடி மேல எனக்குப் பெருமைதான், ஆனா இது சாப்பாடு இல்ல, மருந்து. குடல் நரம்பத் தூண்டி சுருங்க வச்சு, ஆறுலருந்து பன்னெண்டு மணி நேரத்துல தள்ளிவிடும், வயித்துல முறுக்கு வலி வரும். எப்பவாவது ஒரு நாள் அவசரத்துக்கு சரி, ஒரு வாரத்துக்கு மேல நீங்களா எடுக்காதீங்க. விளக்கெண்ணெயும் அப்படித்தான், ரெண்டுலருந்து ஆறு மணி நேரத்துல பிச்சிக்கிட்டுப் போகும். மாசமா இருக்கிறவங்க விளக்கெண்ணெய் பக்கமே போகக்கூடாது, கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். அவங்களுக்கு பழம், தண்ணி, நடை, டாக்டர் சொன்னா இசப்கோல் அல்லது சிரப், அதோட இரும்பு மாத்திரைய நிறுத்தாம வேற வகைக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேக்கலாம்.

கைக்குழந்தை விஷயத்துல கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, ஒரு மாசம் தாண்டினதுக்கு அப்புறம், அஞ்சு நாள் ஒரு வாரம் கூடப் போகாம இருக்கலாம், பால் நல்லா குடிச்சு, போறப்ப இளகலா போச்சுன்னா பயப்பட வேண்டாம். வெத்தலக் காம்புல விளக்கெண்ணெய் தடவி ஆசன வாயில வைக்கிறது, சோப்புத் துண்டு வைக்கிறது, இதெல்லாம் பாட்டிமார் பாசத்துல செய்றதுதான், ஆனா அங்க கிழிஞ்சு புண்ணாகும், தயவு செஞ்சு வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவவும் கூடாது. ரெண்டு மூணு வயசுப் பிள்ளைங்க நாள் முழுக்க பாலே குடிச்சுக்கிட்டு சோறு காய் எறங்காம இருந்தா அதுவே கட்டும், பால அரை லிட்டருக்குள்ள நிறுத்துங்க. ஒரு தடவ வலிச்சுப் போச்சுன்னா பிள்ளைங்க பயந்து காலப் பின்னிக்கிட்டு அடக்கும், அத அடம்னு நெனச்சு அடிக்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு இளக்குற சிரப் சில வாரம் குடுத்து அந்த பயத்தப் போக்கணும்.

படுக்கைல இருக்கிற வயசானவங்களுக்கு பல நாள் போகாம இருந்து திடீர்னு தண்ணி தண்ணியா துணில கசிஞ்சா அது பேதின்னு நெனச்சு நிறுத்துற மாத்திரை குடுத்துடாதீங்க. உள்ள கல்லு மாதிரி அடச்சிக்கிட்டு அதச் சுத்தி கசியிறதா இருக்கலாம், நர்ஸோ டாக்டரோ வந்து எனிமா குடுத்து எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியா, அப்பா மாதிரி வருஷக்கணக்கா பொடிக்குப் பழகினவங்க. ஒரு பேதி மருந்து குடல மொத்தமா காலி பண்ணிடும், அது திரும்ப நெறைய ரெண்டு மூணு நாள் ஆகும், அந்த ரெண்டு நாள் போகாதது இயற்கை. ஆனா நாம என்ன பண்றோம், ஐயோ இன்னைக்கும் போகலயேன்னு மறுபடி பொடி. இந்தச் சுத்துலதான் மாட்டுறது. அதனால மொதல்ல சாப்பாட்டையும் காலை நேரத்தையும் மூணு வாரம் பிடிச்சோம், பொடிய நிறுத்தல. நாலாவது வாரத்துலருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் ரெண்டு நாள் விட்டு, அளவையும் பாதியாக்கி, எட்டாவது வாரம் அத நிறுத்தினோம். எங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சோம், நீங்களும் அப்படியே செய்ங்க. நடுவுல ரெண்டு தடவ மூணு நாள் போகாம இருந்துச்சு, அப்பா ராத்திரியெல்லாம் தூங்காம பொடி டப்பாவக் கேட்டாரு, டாக்டர் முன்னாடியே சொல்லி வச்ச மாதிரி ஒரு ஸ்பூன் இசப்கோலக் கூட்டி, மறுநாள் காலைல கொய்யாவும் ரெண்டு டம்ளர் சுடுதண்ணியும் குடுத்து பலகைல கால வச்சு உக்கார வச்சோம், நாலாவது நாள் வலி இல்லாம போச்சு. இப்பவும் கல்யாண வீடு, பஸ் பயணம்னு வெளிய சாப்பிட்டா ரெண்டு நாள் சிக்கும், அப்ப மட்டும் ராத்திரி ஒரு ஸ்பூன் உமி.